நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போகிறபோதெல்லாம், மண்டபத்தில் யாரும் கை தூக்க மாட்டார்கள். பேசி முடித்து வெளியே வந்தால் வாசலில் மூன்று நான்கு பிள்ளைகள் நிற்பார்கள். உண்மையான கேள்விகள் அங்கேதான் வரும். மிச்சம் இரவில் வாட்ஸ்அப்பில் வரும். சில நேரம் தாய் தகப்பன்மாரும் பேசுவார்கள். எட்டு வருடம் வெளியே படித்துவிட்டு ஊருக்கு வந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, இம்யூனாலஜி எண்டா தடுப்பூசி போடுறதுதானே? அதில ஆராய்ச்சி செய்ய இன்னும் என்ன இருக்கு?

இம்யூனாலஜி என்றால் நோயெதிர்ப்பு பற்றிய படிப்பு. உயர்தர உயிரியலில் 'நிர்ப்பீடனம்' என்று ஒரு பகுதி படித்திருப்பீர்கள். கிருமியைப் பற்றிப்பிடிக்கும் பிறபொருளெதிரி (அன்டிபொடி), வெண்குழியத்தில் ஒரு வகையான நிணநீர்க்குழியம் எல்லாம் அதில்தான் வரும். தடுப்பூசி அதன் ஒரு கிளை. உடம்பின் காவற்படை கிருமியை விட்டுவிட்டுத் தன் மூட்டையே தாக்கினால் அது முடக்குவாதம். இறாலையும் தூசியையும் எதிரியாக நினைத்தால் ஒவ்வாமை. மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடுவதும் புற்றுநோய்க் கலத்தைக் கண்டும் காணாமல் விடுவதும் இதே படையின் வேலைதான். அந்தக் கடைசிப் பிரச்சினையில், படையைக் கட்டிப்போடும் பூட்டுகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் மருந்துகளால் பலர் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தத் துறையில் அடிக்கடி வரும் 'டிரான்ஸ்லேஷனல்' என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆய்வுகூடத்தில் கண்டதை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோவதும், கட்டிலருகே எழுந்த கேள்வியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவதும்தான் அது. இரண்டு பக்கமும் நடந்து பழகியவர்களை உருவாக்குவதுதான் இந்தத் துறையில் தரும் பயிற்சியின் நோக்கம். ஆய்வுகூடத்தை மட்டும் தெரிந்தவருக்கு நோயாளியின் கஷ்டம் தெரியாது. வாட்டை மட்டும் தெரிந்தவருக்கு, ஒரு பரிசோதனை முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரியாது.

எங்கட ஊருக்கு விளங்குற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்க.

பாம்புக்கடி. வயலில் கண்ணாடி விரியன் கடித்து ஆசுப்பத்திரிக்கு வருகிறவருக்கு ஏற்றும் விஷமுறிமருந்து, குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்துச் செய்வது. அது விஷத்தை முறிக்கும். ஆனால் குதிரைப் புரதம் நமக்கு அந்நியம் என்பதால் உடம்பு அதையும் எதிர்க்கும். உடம்பு தடித்து, மூச்சு இறுகி, இரத்த அழுத்தம் விழும். கடி ஒரு ஆபத்து, மருந்து இன்னொரு ஆபத்து.

இதைத் தடுக்க வழக்கமாக ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் முன்கூட்டியே கொடுப்பார்கள். அவை உண்மையில் உதவுகின்றனவா என்று இலங்கை வைத்தியர்களே சோதித்தார்கள். 1007 நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. நாலில் மூன்று பேருக்கு ஏதோ ஓர் ஒவ்வாமை வந்திருந்தது. அந்த இரண்டு மருந்தாலும் சொல்லத்தக்க பலன் இல்லை. மிகச் சிறிய அளவு அட்ரினலின் ஊசியோ, முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடும் ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. அட்ரினலின் மலிவான மருந்து, எந்தச் சின்ன ஆசுப்பத்திரியிலும் இருப்பது. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேலை இன்னும் முடியவில்லை. நாம் பாவிக்கும் மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு அங்கே தயாரிப்பது. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்கிற சின்ன விரியன் இங்கே நிறையப் பேரைக் கடிக்கிறது. அதன் விஷத்துக்கு அந்த மருந்து செய்யப்படவில்லை.

இங்க இருந்துகொண்டு ஆராய வேற என்ன இருக்கு? எல்லாம் வெளிநாட்டு விஷயம்தானே?

மெலியோய்டோசிஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1911-இல் ரங்கூனில் முதலில் அடையாளம் கண்ட நோய் அது. சேற்றிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருகிறது. மட்டக்களப்பில் இதற்கு நோயாளிகள் உண்டு. மழைக்காலத்தில், காலில் வெடிப்போடு சேற்றில் இறங்குகிற விவசாயிக்கு வரும். காய்ச்சல், நெஞ்சுச்சளி, கட்டி என்று பல வேடம் போடும். சயரோகம் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மருந்து கொடுத்த கதைகள் பல நாடுகளில் உண்டு. வழக்கமான பல அன்டிபயோட்டிக்குகளுக்கு அது அசையாது. தடுப்பூசியும் இல்லை.

நீரிழிவு உள்ளவர்களையே அது அதிகம் பிடிக்கிறது. சீனி கூடிய உடம்பில் வெண்குழியங்கள் இந்தக் கிருமியை விழுங்கிக் கொல்வதில் எங்கே தடுமாறுகின்றன? ஒரே வயலில் இறங்கிய இரண்டு சகோதரர்களில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது? நீரிழிவும் வயலும் இரண்டுமே நம் வீட்டில் இருக்கின்றன. இந்தக் கேள்வியைக் கேட்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

டெங்கு இன்னொன்று. 2017-இல் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் நோய் பதிவானது. அந்த வைரஸில் நான்கு வகை. ஒரு வகைக்கு எதிராக உண்டான பிறபொருளெதிரி, இரண்டாம் முறை வேறு வகை வரும்போது சில நேரம் காப்பதற்குப் பதில் வைரஸைக் கலத்துக்குள் ஏற்றி விடுகிறது. யாருக்குக் குருதிக்குழாய் கசியப்போகிறது என்பதை இரண்டு நாள் முந்தியே சொல்ல முடிந்தால் வாட்டில் எத்தனை கட்டில் மிச்சமாகும்! ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு இதே திசையில் உலகம் கவனிக்கும் வேலை செய்கிறது. நம் நாட்டிலேயே நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மெடிசின் கிடைக்கல்ல. இனி இந்தத் துறைக்கு வர ஏலுமா?

ஏலும். என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். பெரும்பாலும் இசட் ஸ்கோர் வந்த கிழமையில், அழுத குரலில் வரும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழி திறந்த கத்தலின் கரிகோ உயிர்வேதியியல் படித்தவர், வைத்தியர் இல்லை. அவரோடு 2023-இல் நோபல் பரிசைப் பகிர்ந்த ட்ரூ வைஸ்மன் வைத்தியர். முதலில் சொன்ன அலிசனும் வைத்தியர் இல்லை, ஹொன்ஜோ வைத்தியம் படித்தவர். இந்தத் துறையில் இரண்டு சாதியும் சேர்ந்தால்தான் வேலை நகரும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் விஞ்ஞானம், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞானம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விவசாயம், கால்நடை மருத்துவம், தாதியியல், ஏன், கணிதமும் கணினியும்கூட வழிதான். பிள்ளையாரடியில் மருத்துவம் படிக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: உங்களுக்கு நோயாளி தெரியும், பிப்பெட் பிடிக்கப் பழகுங்கள்.

எத்தனை வருஷம் போகும்? உண்மையச் சொல்லுங்க.

சிறப்புப் பட்டம் நான்கு வருடம். முதுமாணி ஒன்றரை இரண்டு. கலாநிதிப் பட்டம் மூன்று முதல் ஐந்து, அமெரிக்காவில் இன்னும் கூடலாம். பிறகு இரண்டு மூன்று வருடம் பட்டப்பின் ஆய்வாளராக ஓரிடத்தில். முப்பது தாண்டித்தான் கால் ஊன்றும். அதை மறைக்க மாட்டேன்.

வேலையின் பலனும் அப்படித்தான், ஆறுதலாக வரும். கரிகோவும் வைஸ்மனும் அந்த முக்கியக் கட்டுரையை வெளியிட்டது 2005-இல். அது தடுப்பூசியாக நம் தோளுக்கு வர 15 வருடம் ஆயிற்று.

லேப்ல உண்மையா என்ன செய்வீங்க? நாள் முழுக்க மைக்ரோஸ்கோப் பார்க்கிறதா?

மைக்ரோஸ்கோப் கொஞ்சம்தான். ஒரு நாளைச் சொல்கிறேன். வாட்டிலிருந்து 20 மில்லிலீட்டர் குருதி வருகிறது. அதைச் சம அளவு உப்புக் கரைசலில் கலக்க வேண்டும். அடியில் ஃபைகோல் என்ற திரவம் உள்ள குழாயைச் சரித்துப் பிடித்து, சுவர் வழியாகக் குருதியைத் துளித்துளியாக இறக்க வேண்டும். இரண்டும் கலக்கக் கூடாது. கை நடுங்கினால் போச்சு. பிறகு வேகமாகச் சுழற்றும் மையநீக்கியில் அரை மணி நேரம். எடுத்துப் பார்த்தால் மேலே மஞ்சள் நீர், அடியில் சிவப்புக் கலங்கள், நடுவில் இளநீர் வழுக்கையைப் போல ஒரு மெல்லிய வெண் வளையம். நமக்கு வேண்டியது அந்த வளையம்தான். குருதியில் மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் கலங்கள் அதில் கிடைக்கும். பிறகு கழுவி, எண்ணி, உறைய வைப்பதோ நிறமூட்டி, கலங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓடவிடுவதோ.

அந்தச் சுழற்சியின்போது மையநீக்கியின் பிரேக்கை அணைத்து வைக்க வேண்டும், அது தானாக மெதுவாக நிற்க வேண்டும். முதல் வருடத்தில் ஒரு நாள் நான் அதை மறந்தேன். மூடியைத் திறந்தால் வளையமே இல்லை, எல்லாம் ஒன்றாகக் கலங்கிக் கிடந்தது. காய்ச்சலோடு படுத்திருந்த ஒருவர் கை நீட்டித் தந்த குருதி அது. மேற்பார்வையாளர் ஏசவில்லை. "குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடி எழுது" என்று மட்டும் சொன்னார். எழுதினேன். இன்றைக்கும் என் மாணவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறேன்.

நான் படிக்கிற இடத்தில பெரிய மெஷின் ஒண்டும் இல்லையே. எப்படிப் பழகுறது?

பெரிய இயந்திரத்தை இரண்டு கிழமையில் பழகிவிடலாம். பழக வருடம் எடுப்பது கை சுத்தமும் கணக்கும். ஒரே குருதி மாதிரியை மூன்று குழியில் இட்டால் மூன்றும் ஒரே அளவு காட்ட வேண்டும். பிறபொருளெதிரி போன்றவற்றை அளக்கும் எலைசாத் தட்டு ஒன்றில் அது உங்களுக்கு வருகிறதா பாருங்கள். செறிவைக் குறைப்பதற்கான கணக்கை அட்டை பார்க்காமல் போடப் பழகுங்கள்.

அப்புறம் தரவு. தரவை அலசும் ஆர் என்ற கணினி மொழி இலவசம். இம்போர்ட், ஐஈடிபி போன்ற களஞ்சியங்களில் உலகம் முழுவதும் செய்த நோயெதிர்ப்பு ஆய்வுகளின் தரவு யாருக்கும் திறந்து கிடக்கிறது. இம்யூனோபீடியா என்ற இணையத்தளத்தில் பாடங்கள் உண்டு. ஒரு பழைய மடிக்கணினியும் சுமாரான இணைப்பும் இருந்தால் ஏறாவூரில் இருந்துகொண்டே, வெளியான ஒரு கட்டுரையின் படத்தை அதே தரவிலிருந்து நீங்களே மறுபடி வரைந்து பார்க்கலாம். அப்படிச் செய்துகொண்டு வந்த மாணவி ஒருத்தியை நான் நேர்முகம் பார்த்தேன். அவளுடைய சான்றிதழ்களைப் புரட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

ஊரில் வசதி இல்லாததால் உண்மையில் இடிக்கிற இடம் வேறு. குருதியை எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவது நல்லது, நேரம் போகப் போகக் கலங்களின் குணம் மாறும். உதயதேவியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினால் அந்த நேரம் ரயிலிலேயே முடிந்துவிடும். ஆகவே இங்கேயே பிரித்து, நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் குளிர்வித்து உறைய வைத்து அனுப்பத் தெரிந்த கைகள் மட்டக்களப்பில் வேண்டும். மையநீக்கி, மைனஸ் எண்பது பெட்டி, திரவ நைதரசன், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டர், பழகிய இரண்டு பேர். இவ்வளவு இருந்தால் இந்த ஊர் எந்தப் பெரிய ஆய்வுகூடத்தோடும் கைகோர்க்கலாம். நான் திரும்பி வந்ததே இதற்காகத்தான்.

எனக்கு இங்கிலிஷ் சரியா வராது.

எனக்கும் வரவில்லை. கட்டுரை வாசிக்கும் ஆங்கிலம் ஒரு சின்னக் காணிதான், சுமார் ஐந்நூறு சொல் திரும்பத் திரும்ப வரும். ஒரு கிழமைக்கு ஒரு கட்டுரை என்று எடுத்து, படங்களை முதலில் பாருங்கள், பிறகு படத்தின் கீழே உள்ள விளக்கம், கடைசியில் மற்றதை வாசியுங்கள். வாசித்ததை வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடம்தான் விளங்காத இடம்.

நூறு பேராசிரியர்மாருக்கு ஈமெயில் போட்டன். ஒருத்தரும் பதில் போடல்ல.

நூறு பேருக்கும் ஒரே கடிதம் போயிருக்கும். அதைத் திறந்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பத்துப் பேரைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் கடைசியாக வெளியிட்ட கட்டுரையை வாசித்து, அதில் உங்களுக்கு உண்மையாக எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். உங்களால் என்ன செய்யத் தெரியும் என்று இன்னும் இரண்டு வரி. புகழ்ச்சி வேண்டாம். பத்து நாள் கழித்து ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். நாங்கள் நெல்வயலும் மெலியோய்டோசிஸும் உள்ள ஊரில் இருந்து வருகிறோம் என்று ஒரு வரி போடுங்கள். அது பலருக்கு நிமிர்ந்து பார்க்க வைக்கிற செய்தி.

வாப்பாவால அவ்வளவு காசு கட்ட ஏலா. வேற வழி இருக்கா?

விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்துக்குச் சொந்தக் காசு கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்ல இடங்கள் கட்டணத்தைத் தாங்களே கட்டி மாதப்படியும் தருவார்கள். அமெரிக்காவில் உயிரியல் துறையில் அது வழக்கம். பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பானின் மெக்ஸ்ட், ஜெர்மனியின் டாட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் ஆகியவற்றுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். எராஸ்மஸில் தடுப்பூசியியலுக்கென்றே லைவ் என்று ஒரு முதுமாணிப் படிப்பு உண்டு.

காசு வாங்கிக்கொண்டு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறவர்களிடம் போக வேண்டாம். இந்தப் புலமைப்பரிசில்களுக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. உள்நாட்டில் தொடங்க விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல், மூலக்கூற்று உயிரியல் நிறுவகத்தையும் பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தையும் பாருங்கள்.

பொம்பிளப் பிள்ளையத் தனிய அவ்வளவு தூரம் அனுப்பலாமா, மகள்?

ஆரையம்பதியில் ஒரு தாய் கேட்டார். அம்மா, நான் போய் வந்திருக்கிறேன். முதல் மாதம் ஒவ்வொரு இரவும் அழுதேன், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வுகூடத்தில் கூட இருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கே தங்குவாள், மேற்பார்வையாளரிடம் முன்பு படித்த பிள்ளைகள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள், இரவு வேலை முடிந்து எப்படித் திரும்புவாள் என்று விசாரியுங்கள். அது உங்கள் உரிமை, நல்ல ஆய்வுகூடம் பதில் சொல்லும். கலியாணத்தை முதலில் முடித்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அதைப் பிள்ளையிடம் கேளுங்கள்.

எங்கட ஆக்கள்ட ரத்தத்த எடுத்து என்ன செய்றீங்க? விக்கிறீங்களா?

வெல்லாவெளிப் பக்கம் ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே கேட்டார். கேட்டது சரி. மனிதரிடமிருந்து ஒரு துளி எடுப்பதற்கு முன்பு ஆராய்ச்சித் திட்டம் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு ஒன்றிடம் அனுமதி பெற வேண்டும். மருந்தை மனிதரில் சோதிப்பதென்றால் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். மாதிரி வெளிநாடு போவதென்றால் யாருக்கு, எதற்கு, மிச்சத்தை என்ன செய்வது என்று எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். அந்தத் தாளை வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற இளம் ஆராய்ச்சியாளர் பிறகு தன் ஊரின் மாதிரியில் தன் பெயரே இல்லாத கட்டுரையைப் பார்த்து நிற்பார்.

சம்மதப் படிவத்தில்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன். முதலில் 'நிணநீர்க்குழியங்களின் தூண்டற்பேறு' என்று எழுதினேன். தமிழ்தான், ஆனால் ஒருவருக்கும் விளங்கவில்லை. 'உங்கள் உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்கள் இந்தக் கிருமியைக் கண்டால் என்ன செய்கின்றன என்று பார்க்கிறோம். நாலு தேக்கரண்டி ரத்தம் எடுப்போம். வேண்டாம் என்றால் உங்கள் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது' என்று மாற்றினேன். அந்தப் பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதில எனக்கு என்ன லாபம் மகள்?" என்றார். "உங்களுக்கு ஒன்றுமில்லை ஐயா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்த நாள் வருவதாகச் சொன்னார். வந்தார். அந்த ஒரு நாள் அவகாசத்தைக் கொடுக்கவும் பயிற்சி வேண்டும்.

எலியில சரிவந்தா மனிசருக்கும் சரிவரும்தானே?

இல்லை. 2006 மார்ச்சில் இலண்டனில் டிஜிஎன்1412 என்ற பிறபொருளெதிரி மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்கு ஏற்றினார்கள். குரங்குகளுக்குக் கொடுத்துப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேரும் துடித்தார்கள், பிறகு உறுப்புகள் செயலிழந்தன. உயிர் தப்பினார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார். அந்த மருந்து பற்றிப்பிடிக்கும் சிடி28 என்ற மூலக்கூறு, மனிதரின் ஒரு வகை நினைவு ரி கலங்களில் (முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெண்குழியங்களில்) உண்டு. சோதித்த குரங்கின் அதே வகைக் கலங்களில் இல்லை. அதை யாரும் முன்பே பார்க்கவில்லை.

ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியிலேயே ஏற்றியதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. முதலாமவருக்கு என்ன ஆகிறது என்று ஒரு நாள் பொறுத்திருந்தால் ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். அதன் பிறகு விதிகள் மாறின: புதிய மருந்தென்றால் முதலில் ஒருவர், பிறகு காத்திருப்பு.

என்ட ஆய்வில வித்தியாசம் ஒண்டும் வரல்ல. பட்டம் தருவாங்களா?

தருவார்கள். கேள்வி சரியாக இருந்து, போதிய ஆட்களோடு, கவனமாகச் செய்திருந்தால் 'வித்தியாசம் இல்லை' என்பதும் விடைதான். மேலே பாம்புக்கடி ஆய்வில் இரண்டு மருந்துக்குப் பலன் இல்லை என்று கண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். வித்தியாசம் வரும்வரை தரவைப் பிசைவதுதான் ஆபத்து. எதை ஒப்பிடப் போகிறீர்கள் என்பதைத் தொடங்குமுன்பே எழுதித் திகதி போட்டு வையுங்கள்.

படிச்சு முடிச்சு ஊருக்கு வந்தா இங்க என்ன வேலை?

இந்த ஊரில் இதற்கென்று வேலைகள் வரிசையாகக் காத்திருக்கவில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், வைத்தியசாலை ஆய்வுகூடங்கள், மருந்துப் பரிசோதனைகளை நடத்துகிற குழுக்கள் என்று சில கதவுகள் உண்டு. வெளியே மருந்து நிறுவனங்கள் உண்டு. வெளியிலேயே இருந்துவிட்டால் குற்றமில்லை. இங்கிருந்து ஒரு மாணவரை வருடத்துக்கு மூன்று மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு எடுங்கள், எனக்கு அதே போதும்.

நான் இப்ப ஏ.எல் ரெண்டாம் வருஷம். நாளைக்கே என்ன தொடங்கலாம்?

முதலில் பரீட்சை. அதோடு ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் திகதி, வெப்பநிலை, எந்த நாளில் எது மாறியது, குருதிப் பரிசோதனைத் தாளில் வெண்குழியமும் குருதிச் சிறுதட்டும் எத்தனை என்று எழுதுங்கள். பக்கத்தில் உங்களுக்கு எழும் கேள்வியையும் எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் பள்ளிக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், வாசலில் நின்று பார்ப்போம்.